வேண்டாம் என்று வராத வாய்

என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், ஐம்பதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார். எதனால் போனார் என்று யாராவது கேட்டால் அக்கா வியாதியின் பெயரைச் சொல்வாள். அம்மா கர்த்தருடைய சித்தம் என்பாள். என்னைக் கேட்டால், தமிழில் 'வேண்டாம்' என்று ஒரு சொல் இருக்கிறது, அது அந்த மனுஷன் வாயில் வரவில்லை, அதனால் போனார் என்பேன். சொல்லிவிட்டு அழுவேன். அழுது முடிந்ததும் கோபம் வரும். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இந்த இரண்டும்தான் வருகின்றன.

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொன்னால் பரிமாறுகிறவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். அதனால் 'போதும்' என்போம். ஆனால் போதும் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் இலையில் ஒரு கரண்டியாவது விழுந்திருக்க வேண்டுமே. விழுந்ததை மிச்சம் வைக்கவும் கூடாது. இந்த மரியாதையை அத்தானைப் போலக் கட்டிக் காத்த ஆளை நான் பார்த்ததில்லை. பந்தியில் இரண்டு கைகளையும் இலைக்கு மேலே விரித்துக்கொண்டு 'போதும்மா, போதும்மா' என்பார். விரல் இடுக்கு வழியாகக் கறி விழும். அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்.

அக்காவைப் பெண் பார்க்க அவர் நாசரேத்துக்கு வந்தபோது நான் காலேஜில் சேர்ந்த புதிது. கொழுந்தியா என்றால் மாப்பிள்ளையை ஒரு கை பார்க்க வேண்டும் அல்லவா, காபியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். மனிதர் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. இன்னும் ஒரு டம்ளர் தரட்டுமா என்றேன். அதையும் வாங்கிக் குடித்துவிட்டு 'போதும்மா' என்றார். டம்ளரைக் கழுவப்போன அம்மா அடியில் கிடந்த உப்பைப் பார்த்துவிட்டு என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். இந்த மாப்பிள்ளை அக்காவை எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துபோயிற்று. எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவருக்கு போர்டிங் கிளார்க் வேலை. துறைமுகத்துக்குள் கப்பல் வந்து கட்டியதும் கஸ்டம்ஸ்காரர்களோடு முதலில் ஏணி ஏறுகிற ஆள் அவர். கேப்டனுக்கு எதிரே உட்கார்ந்து காகிதங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கி, கப்பலுக்குத் தண்ணீர் வேண்டுமா, காய்கறி வேண்டுமா, பல்வலிக்காரனுக்கு டாக்டர் வேண்டுமா என்று கேட்டு முடிக்கும்வரை கேப்டன் அவருக்கு எதையாவது தின்னக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கிரேக்கக் கப்பலில் ரொட்டியும் உப்புப் போட்ட பாலாடைக் கட்டியும், உக்ரைன் கப்பலில் கறுப்பு ரொட்டிமேல் பன்றிக் கொழுப்பு, கொரியாக் கப்பலில் மூக்கைப் பிடிக்கவைக்கிற புளித்த கோஸ். எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்து அக்காவிடம் கதை சொல்வார். கேப்டன் வைத்ததைத் தின்றால்தான் கையெழுத்து சட்டென்று விழும் என்பது அவர் தொழில் ரகசியம். எங்கள் குடும்பத்திலேயே கடல் தாண்டாமல் உலகம் சுற்றிய வயிறு அது.

அந்த வயிறுதான் முதலில் மக்கர் செய்தது. சாப்பிட்டதும் ஓட்டம். கப்பலில் ஏறினால் கேப்டனிடம் முதலில் கக்கூஸ் எங்கே என்று கேட்கும்படி ஆயிற்று. வாயெல்லாம் புண். முட்டு வலி. முகம் பழைய காகிதம்போல் வெளுத்தது. நாற்பது வயதுதான், கல்லைத் தின்றாலும் செரிக்க வேண்டிய உடம்பு. இரத்தம் சோதித்த டாக்டர் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது, மாத்திரைக்கு அடங்காது, ஊசிதான் என்றார். சோற்றைக் குறையுங்கள், சப்பாத்தி சாப்பிடுங்கள் என்றும் சொன்னார். தமிழ்நாட்டில் சர்க்கரை வந்த எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். வீட்டில் சோறு வடிப்பதையே நிறுத்தினாள். காலையில் கோதுமை தோசை, மத்தியானம் சப்பாத்தி, சாயந்தரம் கோதுமைக் கஞ்சி, இரவு மறுபடி சப்பாத்தி. அத்தானுக்கோ ஊளி மீன் குழம்பும் சோறும் இல்லாமல் உள்ளே இறங்காது. ஆனால் தட்டில் வந்துவிட்டதே, தின்றார். மெலிந்தார். மெலியமெலிய அக்கா இன்னும் இரண்டு சப்பாத்தி கூட்டி வைத்தாள். தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டாமல் போக, போட்ட ஊசி மட்டும் தன் வேலையைச் செய்ய, திடீர் திடீரென்று சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டிக் கண் சொருகும். அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வைத்து அனுப்பினாள். பிஸ்கட்டும் கோதுமைதான். அப்போது அது யாருக்குத் தெரியும்?

துறைமுகத்து ஆள், கண்ட கண்ட கப்பலில் ஏறி இறங்குகிறவன், அவன் இப்படி வற்றிப்போனால் ஊர் என்ன பேசும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அக்காவின் காதிலேயே விழுந்தது, அதுவும் கோயில் வாசலில். அந்தச் சோதனையையும் செய்தார்கள். அது இல்லை. காசமும் இல்லை. பிறகு தைராய்டும் கெட்டிருக்கிறது என்று அதற்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. தினமும் விழுங்கியும் ஆள் தேறவில்லை. ஒருநாள் கப்பல் ஏணியில் பாதியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ரொட்டி இருக்கும், ரஸ்க் இருக்கும், பாலில் கலக்குகிற சத்துமாவு டப்பா இருக்கும். லேசான சாப்பாடு என்று பெயர். அத்தானுக்கு மனிதர்கள் அதிகம். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரி பேக்கரி மாதிரி ஆயிற்று. வந்தவர்கள் சும்மாவும் போக மாட்டார்கள், ஒரு துண்டைப் பாலில் நனைத்து நீட்டுவார்கள். அவர் வாயைத் திறப்பார். அந்த வாரத்தில்தான் அவர் எடை அக்காவின் எடையைவிடக் குறைந்தது. ஒரு ஊரே சேர்ந்து ஒரு மனுஷனுக்கு அன்பாக விஷம் ஊட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் டாக்டர், சின்ன வயதுதான். மலம் எப்படிப் போகிறது, மிதக்கிறதா, நாறுகிறதா என்று கூச்சமில்லாமல் கேட்ட முதல் டாக்டர். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சோறு ஒரு பருக்கை கண்ணுல காட்டுறதில்ல டாக்டர். மூணு வேளையும் கோதுமைதான்."

எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரத்தம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் என்றார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற பசை குடலுக்குள் போனதும் உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அவருக்கு வந்த சர்க்கரையும் தைராய்டும்கூட இப்படித் தன்னையே தான் அடித்துக்கொள்கிற வகைதான், மூன்றும் கூடப்பிறந்ததுகள் மாதிரி ஒரே வீட்டில் வந்து குடியேறும் என்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். குடலுக்கு மருந்து என்ன என்று கேட்டோம். கோதுமை கூடாது, அதுதான் மருந்து என்றாள். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, சப்பாத்தி உருட்டிய தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா நம்பவே இல்லை. சப்பாத்தி தின்று யாராவது சாவார்களா, வடக்கே பூராவும் அதைத்தானே தின்கிறார்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்த அன்று அக்கா சோறு வடித்தாள். ஊளி மீன் குழம்பு ஊற்றி அவர் முன்னால் வைத்தபோது அவர் முதல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. இரண்டே மாதத்தில் ஓட்டம் நின்றது, முகத்தில் இரத்தம் ஊறியது. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சட்டையை ஒரு சைஸ் கூட்டி எடுத்தோம். மறுபடி கப்பல் ஏறப் போனார். எங்களுக்கெல்லாம் தலையில் இருந்த அம்மிக்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பழகிய ஜனங்கள் நாங்கள். பத்தியம் என்றால் அது ஒருநாள் முறியும், அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்துப் போடுவோம். ஆகவே எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். பத்தியம் எப்போது முடிகிறது? சாகும்வரை என்று அக்கா சொன்னால், வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று அவளைக் கண்டித்தார்கள். நான் குடும்ப வாட்ஸப் குழுவில் விலாவாரியாக எழுதிப் போட்டேன், அத்தானுக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் யாரும் கொடுக்கக் கூடாது என்று. கும்பிடுகிற கைகளோடு 'கர்த்தர் சுகம் தருவார்' என்று பதில் போட்ட சித்தி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும்போது ரஸ்க் வாங்கிக்கொண்டு வந்தாள். அது லேசானதுதானே என்றாள். சொன்ன உடனே புரிந்துகொண்டவர் எங்கள் கோயில் ஐயர் ஒருவர்தான். திருவிருந்தில் கோதுமை அப்பத்தை அத்தானுக்கு நீட்டாமல் திராட்சரசக் கிண்ணத்தை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஊருக்குப் போதகர் ஆயிற்றே, அதைப் பற்றி நாலு பேருக்கு ஒரு பிரசங்கம் செய்யக் கூடாதா என்று எனக்கு அவர்மேலும் ஒரு கோபம் இருந்தது.

சோறுதான் சாப்பிடுகிறார், ஆனாலும் மறுபடி ஓட்டம் என்று அக்கா ஒருநாள் போனில் அழுதாள். போய்ச் சமையலறையைக் கவிழ்த்துத் தேடினோம். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. அக்கா அதைத் தூக்கி எறிந்தாள். அப்புறமும் நிற்கவில்லை. பிறகுதான் கண்டுபிடித்தோம். அம்மா வருகிறபோதெல்லாம் முதலூரில் இருந்து மஸ்கோத்து அல்வா வாங்கி வந்து மருமகனுக்குக் கொடுத்திருக்கிறாள். நான் போட்ட சத்தத்துக்கு அம்மா மிரண்டுபோனாள்.

"அல்வாவுல எங்கனளா மாவு இருக்கு? அது கண்ணாடி கணக்கா வழுக்குது. தேங்காப்பாலும் சீனியுமுல்லா?"

அம்மாவைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. மைதாவைப் பிசைந்து பாலெடுத்துத்தான் அந்த அல்வாவைக் கிண்டுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாலாகி, அல்வாவும் ஆன பிறகு அதை மாவு என்று அவளால் நினைக்க முடியவில்லை. அத்தானுக்குமா தெரியாது? தெரியும். மாமியார் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து அக்காவுக்குத் தெரியாமல் நீட்டியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றுதான் தின்றிருக்கிறார். கேட்டதற்கு, 'அத்தை ஆசையா கொண்டாந்தாங்க' என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அவரோடுதான் சண்டை. வீட்டில் பத்தியம் பிசகவே பிசகாது. வெளியே போனால் போச்சு. கல்யாண வீட்டில் கேசரி, ஆபீஸில் யாருக்கோ பிள்ளை பிறந்தால் கேக், கப்பலில் ரொட்டி. ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது என்று நீட்டுவார்கள். அவரும் ஒரு வாய்தான் தின்பார். மறுநாள் காலையில் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடக்கும்போது அக்கா கதவுக்கு வெளியே நின்று என்ன தின்றீர்கள் என்று கேட்பாள். ஒன்றும் தின்னவில்லையே என்று உள்ளேயிருந்து பச்சைப் பொய் வரும். அக்கா கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுவாள். பிள்ளை இல்லாத வீடு. இவரும் போய்விட்டால் தான் யார் முகத்தைப் பார்த்து இருப்பது என்பதுதான் அவள் பயம். அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறாள். அவருக்கு அவள்மேல் உயிர். ஆனாலும் எதிரே ஒருவர் தட்டோடு நின்றால் அந்த நேரத்தில் அவருக்கு அக்காவும் நினைவில்லை, உயிரும் நினைவில்லை, தட்டு நீட்டியவர் முகம் மட்டும்தான்.

மதுரை டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தாள். அவள் முகம் சரியில்லை. குடல் முன்புபோல் ஆறவில்லை, இனியும் இப்படிப் போனால் கோதுமையை நிறுத்தினால்கூட ஆறாத நிலைமைக்குப் போய்விடும், அதற்கு மேல் வேறு பெரிய கெடுதல்களும் வரலாம் என்றாள். ஒரு துணுக்குகூடக் கூடாது என்று அவரைப் பார்த்தே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரி கேன்டீனில் பக்கத்து மேஜைக்காரர் பழக்கமாகி ஒரு பிஸ்கட்டை நீட்டியபோது அவர் கை தானாக எழுந்ததை நான் பார்த்தேன். கையில் ஓங்கி அடித்தேன். என்னைவிடப் பெரியவரை, அக்கா வீட்டுக்காரரை அடித்தேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். வராத பிள்ளைக்கு வரவைக்க வேண்டும் என்றால் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. அவர் வீட்டு ஹாலில் அவரை நிற்கவைத்து வெறும் தட்டை நீட்டினேன்.

"அத்தான், கேக். எடுத்துக்கோங்க. என்ன சொல்லணும்?"

"இப்பதான் சாப்ட்டேன்மா."

"அப்படின்னா வீட்டுக்குக் கட்டித் தருவாங்க. ஒரே சொல்லு. சொல்லுங்க."

"போ..." என்று ஆரம்பித்துவிட்டு அவரே சிரித்தார். பிறகு இங்கிலீஷில் 'நோ, தேங்க் யூ' என்றார். அது வந்தது! அழகாகவே வந்தது. சாத்தான்குளத்துப் பெரியப்பாவிடம் போய் நோ தேங்க் யூ சொல்வீர்களா என்று கேட்டேன். அக்கா சிரித்து ரொம்ப நாளாயிற்று, அன்றைக்குச் சிரித்தாள். ஒரு மணி நேரம் வெறும் தட்டை நீட்டினேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, திருடிவிட்டு ஒப்புக்கொள்கிற குரலில், வேண்டாம் என்றார். நெற்றி வேர்த்திருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று அக்கா ஓடிப்போய்ப் பழச்சாறு கொண்டுவந்தாள்.

அந்தப் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்திலேயே பரீட்சை வந்தது. பெரியப்பாவுக்கு அத்தான்மேல் தனிப் பிரியம். பந்தியில் நடந்துவந்து, ஒரு துண்டு அல்வாவைத் தன் கையால் எடுத்து, வாயைத் திறங்க மாப்ள என்று உதட்டருகே கொண்டுவந்தார். நான் எதிர் வரிசையில் இருந்து முறைத்துக்கொண்டிருந்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "வேண்டாம் மாமா" என்றார். நன்றாகக் கேட்கும்படி சொன்னார். பெரியப்பா கை அங்கேயே நின்றது. பிறகு அல்வாவைத் தட்டில் போட்டு, துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எனக்கு என் பிள்ளை முதல் மார்க் வாங்கிய மாதிரி இருந்தது. தூத்துக்குடி வரும்வரை காரில் அத்தான் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரியப்பா அடுத்த மாதமே நெஞ்சு வலியில் போய்விட்டார். சாவு வீட்டில் அத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுததைப் பார்த்து, சொந்த மகன்கூட இப்படி அழவில்லையே என்றார்கள். எனக்கும் அக்காவுக்கும் தெரியும் அவர் எதற்கு அழுகிறார் என்று.

அதன் பிறகு அந்தச் சொல் அவருக்கு எளிதாக வந்தது. எங்களுக்கு முதலில் சந்தோஷம்தான். கேக்குக்கு வேண்டாம், கேப்டன் வைத்த ரொட்டிக்கு வேண்டாம். பிறகு கல்யாண வீடுகளே வேண்டாம் என்றார். போனால் யாராவது நீட்டுவார்கள், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், எதற்கு? கப்பல் ஏறுவதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தார். பிறகு அதுவும் வேண்டாம் என்று வீட்டோடு இருந்தார். பார்க்க வந்தவர்களைத் தூங்குகிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னார். ஊரில் ஆளுக்கு ஒரு கப்பல் கதை சொல்லிச் சிரிக்கவைத்த மனுஷன், ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு பாதியில் நின்றது. ஒரு துணுக்கு கோதுமை உள்ளே போகவில்லை, அக்கா சத்தியம் செய்வாள். ஆனால் குடல் ஆறவில்லை. டாக்டர் சொன்ன அந்த ஆறாத நிலைமை வந்துவிட்டது. மதுரையில் சேர்த்து நரம்பு வழியாகச் சத்து ஏற்றி, கடுமையான வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது, ஆனால் வழி இருக்கிறது என்றாள். அதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். கார் வந்து வாசலில் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. கார் திரும்பிப் போயிற்று.

மறுநாள் ஐப்பசி மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நான் நாசரேத்தில் இருந்து பஸ் ஏறி வந்து, நனைந்த புடவையோடு அவர் கட்டிலுக்கு முன்னால் நின்று கத்தினேன். அக்காவை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். கோழை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சிரிக்கத்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

"டீச்சரம்மா, நீதான சொல்லித் தந்த."

அவர் கேலிக்குச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவரை அறையலாம்போலவும் இருந்தது, காலைக் கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். அரிசி நொய்யில் காய்ச்சியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றார். அவள் கெஞ்சவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கரண்டி அங்கேயே நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. நான் திரும்பிப் பார்த்தபோது கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது, அவள் கை இன்னும் அப்படியே இருந்தது. இப்படியும் ஒரு பிடிவாதம் இவளிடம் உண்டா என்று எனக்கே புதிதாக இருந்தது.

பிறகு ரொம்பச் சாதாரணமாக, "கை வலிக்குங்க" என்றாள்.

அவர் உடனே திரும்பினார். கரண்டியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மறுவாரம் மதுரைக்குக் கார் வந்தபோதும் அவள் வாசலில் நின்று ஒரு கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஊசிக்கும் மருந்துக்கும் அப்படித்தான், கஞ்சிக்கும் அப்படித்தான். உயிர்மேல் ஆசை வந்து செய்தாரா, ஒருத்தி கையை வலிக்கவிடக் கூடாது என்று செய்தாரா, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். டாக்டர் ஒரு மாதம் தாங்காது என்று நினைத்திருந்த உடம்பு, மழைக்காலம் தாண்டி, பனி தாண்டி, ஈஸ்டருக்குக் கோயில் மணி அடிப்பதைக் கேட்கும்வரை இருந்தது. அத்தனை நாளும் மூன்று வேளையும் அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே பொய்யைச் சொன்னாள். அவளுக்கு ஒருநாளும் கை வலிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.